துப்பாக்கிப் பயிற்சியும் முன்பின் தெரியாதவர்களும்



முன்பின் தெரியாத ஒருவர் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு உங்களுக்கு மூன்றடி தள்ளி நிற்கிறார். உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. அவர் யார், என்ன மனநிலையில் வந்திருக்கிறார், இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டிருக்கிறாரா, ஒன்றுமே தெரியாது. நிம்மதியாகக் குறி பார்க்க முடியுமா?

எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு ரைபிள் கிளப்பில் சேர வேண்டும் என்று ஆசை. வீட்டில் கேட்ட முதல் கேள்வியே "அங்க யார் யாரோ வருவாங்களேடா, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்பதுதான். நியாயமான கேள்வி. நான் படிப்பது பி.காம். துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள உறவு திருவிழாவில் பலூன் சுட்டதோடு சரி. ஆனாலும் அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இதைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன் (வழக்கம்போல!). படித்ததில் ஒன்று புரிந்தது. எல்லோரும் பயந்தது ஓரிடம், குண்டு போய் விழுந்தது வேறிடம்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். அது வெறும் கற்பனை கிடையாது. 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' படம் பார்த்தவர்களுக்கு கிறிஸ் கைல் தெரியும். ஈராக் போரில் பேர் வாங்கிய அமெரிக்கக் கடற்படை வீரர். போர்முனையில் சாகாத அவர் செத்தது எங்கே தெரியுமா? 2013 பிப்ரவரி 2ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு துப்பாக்கி சுடும் தளத்தில். மனநிலை பாதிக்கப்பட்டிருந்த ஒரு முன்னாள் வீரரை, ஆறுதலாக இருக்கட்டும் என்று அழைத்துப் போனார்கள் கைலும் அவருடைய நண்பரும். அந்த ஆளோடு அன்றுதான் பழக்கம். இரண்டு பேரையும் அங்கேயே சுட்டுக் கொன்றுவிட்டார். இரண்டு பேர் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தது. எடுக்க நேரமே கிடைக்கவில்லை.

அடுத்த வருடம், 2014 ஆகஸ்டில், அரிசோனாவில் இன்னொன்று. சுற்றுலா வந்த குடும்பம், ஒன்பது வயதுச் சிறுமி, கையில் ஊசி என்கிற இயந்திரத் துப்பாக்கி. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் தொடர் வேட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். துப்பாக்கி உதைத்து மேலே எகிறியது. குழந்தையால் பிடிக்க முடியவில்லை. சொல்லிக்கொடுத்தவர் இறந்துபோனார். முதல் சம்பவத்தில் கொலை எண்ணம் இருந்தது, இரண்டாவதில் யாருக்கும் எந்த எண்ணமும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் 'யார் யாரோ' என்று சொல்லும்போது இந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் பல இடங்களில் காசு கொடுத்தால், ஏதோ பௌலிங் விளையாடப் போவதுபோல உள்ளே போய்ச் சுட்டுவிட்டு வரலாம். நம் ஊரில் அப்படி இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று சொல்லத்தக்க ஒரே சுடுதளம் பலூன் கடைதான். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் போய்ப் பாருங்கள். பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு மேசை, இரண்டு ஏர்கன். குறிமுள் வளைந்திருக்கும் என்பது ஊரறிந்த ரகசியம் :-)

அந்தக் கடைக்காரரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். துப்பாக்கியை மடக்கி ரவை போடுவது அவர்தான். நம் கையில் தரும்போது குழல் பலூன் பக்கம்தான் இருக்கும். நாம் திரும்பி "டேய், இங்க பாருடா" என்று நண்பனைக் கூப்பிட்டால், அவர் கை முதலில் போவது குழலுக்கு. பக்கத்துப் பையன் சுட்டு முடிக்கும்வரை பலூன் மாட்டப் போக மாட்டார். யாரும் அவருக்குப் புத்தகம் போட்டுச் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒலிம்பிக் தளத்தில் நடுவர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதேதான்.

எங்கள் பக்கத்துக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. புறநானூறு 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்கிறார்: ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதம் அரசு விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. சின்ன வயதிலிருந்து இதைப் பெருமையாகக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் சுடுதள விதிகளைப் படித்த பிறகு வேறு ஒரு யோசனை வந்தது. யானையோடு நிற்க வேண்டிய அம்பு உடும்புவரை போயிருக்கிறது. யானைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஓரி பார்த்தாரா? புற்றுக்குப் பக்கத்தில் விறகு பொறுக்க யாராவது வந்திருந்தால்? (தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.)

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

பக்கத்தில் நிற்பவர் யார் என்ற கேள்விக்கு நம் நாட்டு அரசாங்கங்கள் கண்டுபிடித்த பதில் ரொம்பச் சுலபமானது. யார் கையிலும் துப்பாக்கி தராதே! 1801இல் பாளையக்காரர்களை அடக்கிய கையோடு, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கம்பெனி அறிவிப்பு வந்தது. கொங்கு நாட்டில் கடைசிவரை எதிர்த்து நின்ற தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு இந்தச் சமவெளியில் துப்பாக்கி என்பது அரசாங்கத்துச் சாமான் ஆகிவிட்டது.

1857 கலகம் நடந்த வருடத்திலேயே சென்னையில் மதராஸ் வாலண்டியர் கார்ட்ஸ் என்ற படை கிளம்பியது. வாலண்டியர் என்றதும் நம் ஊர்த் திருவிழாத் தொண்டர் மாதிரி நினைக்க வேண்டாம். ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் அடங்கிய பகுதிநேரப் படை அது. பிறகு ரயில்வே கம்பெனிகளிலும் இதே மாதிரிப் படைகள் வந்தன. வாரநாளில் இன்ஜின் ஓட்டுபவர், விடுமுறை நாளில் ரைபிள் பயிற்சி. இவர்களுக்காக ஊருக்கு வெளியே சுடுதளங்கள் வந்தன. கவர்னர் ஜெனரல் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு! அதாவது 'யார் யாரோ' என்பதற்கு அன்றைய அகராதியில் நாம்தான் பொருள்.

1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில், இந்த ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும், இந்தியர்களையும் வாலண்டியர் படையில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வெள்ளைக்காரன் காதில் அது சீக்கிரம் ஏறவில்லை. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்ட பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்சிப் படை என்று ஆரம்பித்து, சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் தேசிய மாணவர் படையாக, நம் என்.சி.சி.யாக, அது மாறியது. 1951இல் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்தைத் தொடங்கினார். சபாநாயகருக்கு எதுக்குத் துப்பாக்கி என்று கேட்கக் கூடாது. அவர் பெயரில்தான் நாடு முழுக்கத் துப்பாக்கி சுடும் போட்டியே நடக்கிறது.

1959 ஆயுதச் சட்டம் நிறப் பாகுபாடு இல்லாத சட்டம். ஆனால் எல்லோரையும் சமமாகச் சந்தேகப்படும் சட்டம் :-) அதன் கீழ் வந்த 2016 விதிகளில், உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் விசைக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆக, இங்கே ஒரு ரைபிள் கிளப்பில் உங்கள் பக்கத்தில் நிற்பவர் விண்ணப்பம், அடையாளச் சான்று, பெரும்பாலும் போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் தாண்டி வந்தவர். அமெரிக்காவில் வழிப்போக்கராக வந்து நிற்பவரோடு அவரை ஒப்பிட முடியாது.

இந்தச் சட்டத்துக்குள் அடங்காத இன்னொரு உலகம் நம் கண்ணெதிரேயே இருக்கிறது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கிகள். குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கெட்டித்து, பால்ரஸ் போட்டுச் சுடுவது. பயிரைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959 சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் உரிமம் இல்லாமல் இருப்பவையும் உண்டு. 'தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை' என்று போலீஸ் அறிவிப்பதும், யாரோ இரவோடு இரவாகப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போவதும் அவ்வப்போது செய்தியில் வரும். அங்கே தளம் கிடையாது, கோடு கிடையாது, நடுவர் கிடையாது. இருட்டில் புதர் அசைந்தால் பன்றியா மனிதனா என்று தெரியாமல் சுட்டுவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. கூட நடப்பவர் சொந்த மச்சானாக இருந்தும் என்ன பயன்? தெரிந்தவர் என்பதாலேயே ஒருவர் பாதுகாப்பானவர் ஆகிவிட மாட்டார்.

சுடுதளம் இந்த விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்தது. ஆளை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியையே எடுத்துவிட்டது.

இதன் தொடக்கத்தை இங்கிலாந்தில் தேட வேண்டும். 1859இல் பிரான்ஸ் படையெடுத்து வரும் என்ற பயத்தில் ஊர் ஊராகத் தொண்டர் படை சேர்ந்தது. அதே வருடம் அங்கே தேசிய ரைபிள் சங்கமும் தொடங்கியது. 1860 ஜூலை 2ஆம் தேதி லண்டனை ஒட்டிய விம்பிள்டன் பொட்டலில் முதல் போட்டி. (ஆமாம், டென்னிஸ் விம்பிள்டனேதான். அங்கே டென்னிஸ் போட்டி வந்தது 1877இல். துப்பாக்கி அதற்கும் மூத்தது!) விக்டோரியா மகாராணி பட்டுக் கயிற்றை இழுக்க, தாங்கியில் பொருத்தியிருந்த ரைபிள் 400 கெஜ தூரத்தில் குறியின் நடுவில் அடித்தது. இயந்திரத் தாங்கியில் வைத்துக் குறிபார்த்து வைத்தால் நானும் அடிப்பேன் என்பது வேறு விஷயம்.

கடைக்காரர், குமாஸ்தா, பிரபு, தச்சர் என்று ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே பொட்டலில் வந்து நின்று சுட்டார்கள். இத்தனை பேரையும் விசாரித்து நம்ப முடியுமா? கோடு போட்டார்கள், கொடி கட்டினார்கள். கொடி ஏறியிருந்தால் ஒருவரும் கோட்டைத் தாண்டக் கூடாது. இன்றைய சர்வதேசப் போட்டிகளில் 'லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட்' என்று நான்கு கட்டளைகள். உலக சாம்பியனாக இருந்தாலும் 'ஸ்டாப்' என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். நம் என்.சி.சி.யில் இதுவே இந்தியில் வரும். 'பர்' என்றால் நிரப்பு, 'காலி கர்' என்றால் காலி செய். இந்தி ஒரு வார்த்தை தெரியாத நம் ஊர்ப் பையன்களும் 'காலி' என்பதைக் கப்பென்று பிடித்துக்கொள்வார்கள், அது நம் வார்த்தையாகி ரொம்ப நாளாகிவிட்டதே.

அமெரிக்காவில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி எல்லா விதிகளையும் நான்காகச் சுருக்கினார். எந்தத் துப்பாக்கியையும் நிரப்பியதாகவே எண்ண வேண்டும். அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பக் கூடாது. குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. நான்காவது, குறி எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே சுட வேண்டும். முதல் மூன்று விதிகளும் பக்கத்தில் நிற்பவருக்காக. நான்காவது விதி, கண்ணுக்கே தெரியாத யாரோ ஒருவருக்காக. இதைப் பிறகு பார்ப்போம்.

விதி இருக்கும் இடத்தில் கூட்டமும் பெரிய ஆபத்து ஆவதில்லை என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டி. நடிகர் அஜித் கலந்துகொள்கிறார் என்று தெரிந்ததும் 'தல' ரசிகர்கள் அலைமோதினார்கள். ஒழுங்குபடுத்த போலீஸ் வந்தது. அவர் மாடியிலிருந்து கையசைத்துவிட்டுப் போனார், பதக்கங்களும் வாங்கினார். இத்தனை தள்ளுமுள்ளும் வாசலில். உள்ளே, கோட்டுக்கு இந்தப் பக்கம், சூப்பர் ஸ்டாராக இருந்தாலும் சாதாரணப் போட்டியாளர்தான்.

இனி கொஞ்சம் என் பாடத்துக்கு வருகிறேன். என்.சி.சி. நண்பன் ஒருவன் சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பயிற்சிக்கு .22 ரைபிள். ஆளுக்கு ஐந்து ரவை என்றால் எண்ணி ஐந்துதான் தருவார்கள். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் புல்லுக்குள் தவழ்ந்து தேட வேண்டும், யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கொடுத்தது ஐந்து, வந்தது ஐந்து, கணக்கு நேர். இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்த இத்தாலிக்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள்.

யோசித்தால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. பேரேட்டில் ஏறுவது பித்தளை உறை மட்டும். உறையை விட்டுப் போன ஈயம் எங்கே போயிற்று என்று எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. குறியில் பட்டால் ஓட்டை தெரியும். படாவிட்டால்? மண்மேட்டில் புதைந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அவ்வளவுதான்.

2021 டிசம்பர் 30ஆம் தேதி அந்த நம்பிக்கை பொய்த்தது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம் பசுமலைப்பட்டியில் ஒரு துப்பாக்கிப் பயிற்சித் தளம் இருந்தது. அன்று காலை அங்கே மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3ஆம் தேதி இறந்துபோனான். தளத்தை மூட உத்தரவு வந்தது. முதல்வர் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

அந்தச் சிறுவன் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. அவனுக்கு யாரும் 'ஸ்டாப்' என்றோ 'காலி கர்' என்றோ கற்றுத்தரவில்லை, கற்றுத்தந்திருந்தாலும் பயன் இல்லை. சுட்டவர்களும் முன்பின் பழக்கமில்லாத பொதுமக்கள் கிடையாது. சீருடை போட்டவர்கள், பயிற்சி பெற்றவர்கள், ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். இருநூறு வருடமாக 'யார் கையில் துப்பாக்கி' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த சட்டத்தின்படி பார்த்தால், துப்பாக்கி தகுந்த கையில்தான் இருந்தது. ஆபத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள், சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவன்தான்.

சில நாட்களிலேயே பெரம்பலூர் மாவட்டத்திலிருந்தும் செய்தி வந்தது. நாரணமங்கலத்துப் பயிற்சித் தளத்துக்கு அருகே உள்ள கிராமத்தில் ஒரு வீட்டில் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. தளத்தை இங்கிருந்து எடுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். பெரம்பலூர் நமக்கு அந்நிய ஊரா? பச்சைமலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள்.

இரண்டு கிலோமீட்டர் எப்படிப் போகும் என்று கேட்கலாம். நானும் நம்பவில்லை. என்.சி.சி. பையன்கள் சுடும் .22 ரவை பார்ப்பதற்குப் பென்சில் முனை மாதிரி இருக்கும். பயிற்சியில் குறி 25 மீட்டரில்தான் வைக்கிறார்கள். ஆனால் கோணம் வாய்த்தால் அதே ரவை ஒரு மைல் தாண்டும். ராணுவத்தின் 7.62 மில்லிமீட்டர் ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கும் மேலே போகும். குறிபார்த்து அடிக்கக்கூடிய தூரம் ஒன்று, ஆளைக் கொல்லக்கூடிய தூரம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் நாம் எல்லோரும் செய்வது.

பாறையில் சாய்வாகப் பட்டால் இன்னும் மோசம். குளத்தில் ஓட்டாஞ்சில்லி விட்டவர்களுக்கு இது தெரியும். நேராகப் போட்டால் முழுகும், படுக்கையாக விட்டால் தத்தித் தத்திப் போகும். குண்டும் அப்படித் தெறித்து, யாரும் நினைக்காத திசையில் கிளம்பிவிடும். அதனால்தான் முறையாகக் கட்டிய தளங்களில் குறிக்குப் பின்னால் கல் இல்லாத மென்மையான மண்மேடு, பக்கச் சுவர்கள், தலைக்கு மேலே தடுப்புகள் என்று வைக்கிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் கூடத்தில் இந்தப் பிரச்சினையே எழாது. நான்கு சுவருக்குள், சின்ன ஈயத் துணுக்கு, அதைப் பிடித்துக்கொள்ளும் பெட்டி. வகுப்புத் தோழன் சேர விரும்புவதும் இப்படி ஒரு கூடத்தில்தான் என்பதால் அவன் வீட்டில் தைரியமாக அனுப்பலாம் என்பது என் கட்சி.

திறந்தவெளித் தளங்கள் வேறு ரகம். நம் நாட்டில் அவற்றுக்குச் சுவர் கட்டும் வேலையை மலைகளிடம் விட்டுவிட்டார்கள். மலையடிவாரமாகப் பார்த்து இடம் ஒதுக்குவது, மலையையே தடுப்பாக வைத்துக்கொள்வது. செலவு மிச்சம். கணக்குப் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மிச்சம் இல்லை. செலவை வேறொருவர் தலையில் எழுதியிருக்கிறார்கள். அவருக்குத் தெரியாமலே.

விம்பிள்டன் கதையின் பாக்கியை இங்கே சொல்ல வேண்டும். 1860இல் பொட்டலாக இருந்த இடத்தைச் சுற்றி லண்டன் வளர்ந்தது. வீடுகள் வந்தன. ரைபிள்களும் வளர்ந்தன, குண்டு முன்பைவிட அதிக தூரம் போக ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் கோமகன். மகாராணியின் சித்தப்பா மகன், அதோடு பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி! தளபதியே ஆட்சேபித்தால் என்ன செய்வது? 1889இல் அங்கே கடைசிப் போட்டி நடந்தது. 1890 முதல் சர்ரே பகுதியில் பிஸ்லி என்ற ஒதுக்குப்புறமான இடத்துக்குப் போனார்கள். யாரும் செத்து விழுகிறவரை காத்திருக்கவில்லை. ஆட்சேபித்தவர் கோமகனாக இருந்தது வசதியாகப் போயிற்று.

நம் ஊரில் ஆட்சேபிப்பவர்கள் கோமகன்கள் இல்லை. 1938இல் வெள்ளைக்காரன் போட்ட ஒரு சட்டம் இன்னும் இருக்கிறது. படைகளின் களப்பயிற்சி, துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சி பற்றியது. அதன்படி அரசு ஒரு பகுதியை அரசிதழில் அறிவிக்கலாம், பயிற்சி நாட்களில் ஆட்கள் உள்ளே வராமல் தடுக்கலாம், சேதத்துக்கு இழப்பீடு தரலாம். இன்றைய ஜார்க்கண்டில் நேதர்ஹாட் மலைப்பகுதியை 1964இல் இப்படித்தான் பீரங்கிப் பயிற்சிக்கு அறிவித்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பரப்பைப் பெரிதாக்க, 245 கிராமங்கள் அதற்குள் வந்தன. 1994 மார்ச்சில் பயிற்சிக்கு வந்த ராணுவ வண்டிகளை ஆதிவாசி மக்கள், முக்கியமாகப் பெண்கள், வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பிறகும் ஒவ்வொரு வருடமும் மார்ச்சில் அதே இடத்தில் கூடினார்கள். 2022 ஆகஸ்டில்தான் மாநில அரசு அறிவிப்பை நீட்டிப்பதில்லை என்று முடிவு செய்தது. விம்பிள்டன்காரர்கள் பெட்டி கட்ட ஒரு கோமகன் போதுமானதாக இருந்தது. இங்கே இருபத்தெட்டு வருடமும் ஒரு மக்கள் திரளும் தேவைப்பட்டன.

ராணுவத்துக்கும் போலீசுக்கும் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சுடத் தெரியாத காவலர் பக்கத்தில் நிற்பது இன்னும் பயங்கரம். ஆனால் தளம் இருக்கும் ஊரில் சிவப்புக் கொடி ஏறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று மாடு மேய்ப்பவருக்குத் தெரிய வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும். தண்டோரா போட்டாலும் சரி, வாட்சப்பில் அனுப்பினாலும் சரி. அனுமதி கொடுத்த காலத்தில் இல்லாத வீடுகள் இப்போது எத்தனை வந்திருக்கின்றன என்று சில வருடங்களுக்கு ஒருமுறையாவது யாராவது போய் எண்ண வேண்டும். எண்ணுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காலித் தோட்டாவை ஒன்று விடாமல் எண்ணத் தெரிந்தவர்கள்தானே!

வரைபடத்தில் பார்த்தால் நம் மாவட்டத்து மலைகள் பச்சைத் திட்டுகளாக, ஆளே இல்லாத இடங்களாகத்தான் தெரியும். கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் தாங்காது. நகரமலை அடிவாரம்வரை சேலத்து வீடுகள் வந்துவிட்டன. ஜருகுமலைக்கு மேலே ஊர் இருக்கிறது, ராசிபுரத்துக்குப் பக்கத்தில் போதமலை மேலேயும் ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து காலையில் பால் கேனோடும் புத்தகப் பையோடும் ஆட்கள் கீழே இறங்கி வருகிறார்கள்.